கொழும்பிலிருந்து ரீஃப் சர்வேக்குத் தொண்டர் சுழியோடியாகப் போக என்ன தேவை?

வெள்ளவத்தை_நிலா

வணக்கம் எல்லாருக்கும். அட்வான்ஸ்ட் ஓப்பன் வோட்டர் டைவிங் கோர்ஸ் முடிச்சாச்சு, லொக்புக்கில 24 டைவ் இருக்கு. முருகைக்கல் கணக்கெடுப்புக்குத் தொண்டராகப் போக விருப்பம். என்ன கோர்ஸ், என்ன சாமான், எந்த மாதம்? காசு கட்டி வரச்சொல்லுற திட்டங்களும் கண்ணில படுது. அதுகள எப்படி நம்புறது?

நூல்குண்டு

கோர்ஸ் பிறகு. 24 டைவ் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, அது வெறும் எண்ணிக்கை. இதைச் செய்து பாருங்கோ தங்கச்சி: 5 மீற்றரில், மணலுக்கு மேலே, ஒரு கையில் சிலேட், மற்றக் கையில் பென்சில். கையால் துடுப்புப் போடாமல் 3 நிமிடம் ஒரே இடத்தில் நின்று 1 முதல் 40 வரை எழுதுங்கோ. கூட வந்தவர் உங்கள் ஆழமானியைப் பார்க்கட்டும். மேலும் கீழும் 30 சென்ரிமீற்றருக்குள் நின்றால் சர்வேக்கு வரலாம். எழுதத் தொடங்கியதும் மூச்சை அடக்குவதும், அதனால் மெல்ல மேலே போவதும்தான் பெரும்பாலானோரின் பிரச்சினை. எழுதும்போதும் மூச்சு ஓடவேணும்.

அடுத்தது இடுப்பில் கட்டும் ஈயம். இங்கே வாடகைக்குக் கிடைக்கும் 11 லீற்றர் அலுமினியத் தாங்கியில் 200 பார் காற்றின் நிறை ஏறக்குறைய 2.6 கிலோ. முக்கால்வாசி காற்று முடிந்தால் நீங்கள் 2 கிலோ இலேசாகிவிடுவீர்கள். அந்த நேரம் பார்த்துத்தான் ஆழம் குறைந்த பகுதியில் வேலை நடக்கும். ஆகவே ஈயம் சரியா என்பதை 50 பார் மிச்சமுள்ள தாங்கியோடு, 3 மீற்றரில் பாருங்கோ. நிறைந்த தாங்கியோடு கரையில் பார்த்த கணக்கு கடைசிப் பத்து நிமிடத்தில் உங்களைக் கைவிடும். பயத்தில் ஈயத்தைக் கூட்டிப் போட்டால் கால் தொங்கும், துடுப்பு முருகையை உடைக்கும். காப்பாற்றப் போன இடத்தில் உடைத்துவிட்டு வருவது அழகில்லை.

கச்சான்

மாதம் பற்றி. கொழும்புப் பக்கம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான் கடல் இடம் கொடுக்கும். மே மாதம் கச்சான் (தென்மேல்) காற்று விழுந்தால் செப்டம்பர் வரை வள்ளம் இறக்கிப் பிரயோசனம் இல்லை. அந்த மாதங்களில் கிழக்குக் கரை திறந்திருக்கும், புறாத்தீவுப் பக்கம் வேலை நடக்கும்.

இதில ஒரு சிக்கல் இருக்கு. கடல் ஆகச் சூடாக இருப்பது ஏப்ரல், மே. 1998இலும் 2016இலும் முருகை வெளிறியது அந்தப் பருவத்தில்தான். அதாவது வெளிறலைப் பதிவு செய்யவேண்டிய நேரத்திலேயே மேற்குக் கரை மூடிக்கொள்ளும். கொழும்பில் ஒரே ஒரு சுற்றுத்தான் செய்ய முடியும் என்றால் ஏப்ரல் கடைசி இரண்டு வாரத்தை விடாதீர்கள். புத்தாண்டு லீவு முடிந்து ஆட்கள் திரும்பும்போது கடல் மூட அதிக நாள் இராது, அதையும் கணக்கில் எடுங்கோ.

மழைக்குப் பிறகு களனி கங்கையின் கலங்கல் தண்ணீர் கரையோரமாக இறங்கும். பார்வைத் தூரம் 5 மீற்றருக்குக் குறைந்தால் மீன் எண்ண வேண்டாம். அடித்தளத்தை மட்டும் பதிந்துகொண்டு வாங்கோ.

வெள்ளவத்தை_நிலா

நன்றி அண்ணா. முருகை கணக்கெடுக்க ரீஃப் செக் முறை என்று எல்லாரும் சொல்லினம். தண்ணிக்குள்ள இறங்கினா உண்மையில என்ன செய்யிறது?

நூல்குண்டு

100 மீற்றர் அளவுநாடா ஒரே ஆழக்கோட்டில் விரிக்கப்படும். அதில் 20 மீற்றர் துண்டுகள் நாலு, இடையில் 5 மீற்றர் இடைவெளி: 0-20, 25-45, 50-70, 75-95. ஆழம் இரண்டு வகை, 2 முதல் 6 மீற்றர் வரை ஒன்று, 6க்கு மேல் 12 வரை மற்றது. நாடா விரித்த பிறகு 15 நிமிடம் ஒருவரும் கிட்டப் போகக்கூடாது, மீன் பழைய இடத்துக்குத் திரும்பவேணும். அவசரக்காரர் முதலில் கெடுப்பது இந்த 15 நிமிடத்தைத்தான்.

முதலில் போவது மீன் எண்ணுபவர். நாடாவின் இரு பக்கமும் 2.5 மீற்றர், மேலே 5 மீற்றர். 5 மீற்றருக்கு ஒரு தரம் நின்று, ஒளிந்தது வெளியே வர ஒரு நிமிடமாவது காத்திருந்து எண்ணவேணும். கலவாய் 30 சென்ரிமீற்றருக்கு மேல் என்றால்தான் கணக்கு, கிளிமீன் 20க்கு மேல். வண்ணத்துப்பூச்சி மீன் எந்த அளவும் சேரும். பின்னால் வருபவர் அதே பட்டையில் கடலட்டை, சிங்கி இறால், முள்ளெலி, முட்கிரீட நட்சத்திரமீன், இராட்சதச் சிப்பி எல்லாம் பார்ப்பார். பொந்துக்குள் குனிந்து பார்க்கும் வேலை அது, ரோச் இல்லாமல் போகவேண்டாம்.

கடைசியாக அடித்தளம். அரை மீற்றருக்கு ஒரு புள்ளி, ஒரு துண்டுக்கு 40, மொத்தம் 160. நாடாவின் அந்தப் புள்ளிக்கு நேர் கீழே என்ன இருக்கிறதோ அதுதான் பதிவு. நேர் கீழே என்பதைக் கண்ணால் முடிவு செய்யக்கூடாது. நாடா அடியிலிருந்து அரை மீற்றர் உயரத்தில் தொங்கும், நீங்கள் சாய்ந்து பார்ப்பீர்கள், கண்ணுக்குப் பிடித்த முருகை உள்ளே வந்துவிடும். ஒரு மீற்றர் நைலோன் நூலில் துருப்பிடிக்காத நட் ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கோ. நட் தொட்டது எதுவோ அதை எழுதுங்கோ.

குழம்பும் இடங்கள் இவை:

வெளிறிய முருகை செத்த முருகை இல்லை. வெள்ளையாக இருந்தாலும் தசை இருக்கும், கிட்டப் பார்த்தால் கண்ணாடி போல ஒரு படலம் தெரியும். அது உயிருள்ள கல் முருகை என்றே எழுதப்படும், வெளிறல் தனிப் பத்தியில் போகும். இரண்டையும் ஒன்றாக்கினால் அந்த வருடத் தரவு முழுக்கக் குப்பை.

15 சென்ரிமீற்றருக்குப் பெரிய கல் பாறை. அதற்குச் சின்னது, அரை சென்ரிமீற்றர் வரை, உடைகல்.

மணலா சேறா என்று சந்தேகம் வந்தால் கையால் மெல்ல விசிறிப் பாருங்கோ. உடனே விழுந்தால் மணல், புகை போல மிதந்தால் சேறு.

நெருப்பு முருகையும் நீல முருகையும் கல் முருகைக் கணக்கில்தான் வரும்.

கெண்டை

எல்லாம் சரி. கொழும்புக்கு முன்னால் உள்ளதில் பெரும்பகுதி மணற்கல் பாறை. அதில் இறங்கி ‘கல் முருகை 8 வீதம்தான், அழிந்துவிட்டது’ என்று முகநூலில் எழுதுற கூட்டம் ஒன்று இருக்கு. அங்கே முந்தியும் முருகைக் காடு இருந்ததில்லை. எதோடு ஒப்பிடுறீங்க என்று ஒருத்தரும் கேட்கிறதில்லை. தொண்டர் தரவு எல்லாம் இப்படித்தான்.

தரவுப்பூச்சி

@கெண்டை பாதி உண்மை. ஒப்பீடு அதே இடம், அதே மாதம், அதே ஆழம் என்று இருக்கவேணும். ஹிக்கடுவையோடும் கற்பிட்டி பார் ரீஃபோடும் கொழும்பை வைத்துப் பார்ப்பது ஆட்டையும் மாட்டையும் ஒரே தராசில் வைப்பது போல. ஆனால் தொண்டர் என்பதால் தரவு கெடுவதில்லை, பரீட்சை வைக்காமல் எழுதவிடுவதால்தான் கெடுகிறது. இரண்டு பேரை ஒரே 20 மீற்றரில் தனித்தனியே விட்டு 40 புள்ளியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 36க்குக் குறைவாக ஒத்துப்போனால் அன்றைக்கு எழுதியது பயிற்சிதான், தரவுத்தளத்துக்குப் போகக்கூடாது.

160 புள்ளியின் எல்லையையும் தெரிந்துவைத்திருங்கள். உண்மையில் 30 வீதம் முருகை உள்ள இடத்தில் 160 புள்ளி எடுத்தால், ஆள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் விடை 23க்கும் 37க்கும் இடையில் எங்கேயும் விழலாம். அடுத்தடுத்த புள்ளிகள் ஒரே முருகையில் விழுவதால் உண்மைப் பிழை இன்னும் கூட. போன வருடம் 30, இந்த வருடம் 26 என்று வந்தால் அது செய்தியே இல்லை. ஐந்து வருடம் ஒரே பக்கமாகச் சரிந்தால்தான் பேச்சு. அதனால்தான் ஒரு தரம் வந்து போகும் பத்துப் பேரைவிட வருடா வருடம் வரும் இரண்டு பேர் பெறுமதி.

அடுத்தது ஆள்கூறு. அடிக்கடி கெடுவது இதுதான். வள்ளத்து ஜி.பி.எஸ். 6 பாகை 54.500 கலை என்று காட்டும். அதை 6.545 என்று எழுதிவிட்டு வருவார்கள். சரியான தசமம் 6.9083. வித்தியாசம் 40 கிலோமீற்றர். கொழும்பில் எடுத்த தரவு களுத்துறையையும் தாண்டிப் போய் உட்காரும். கலையை 60ஆல் வகுத்துப் பாகையோடு கூட்டுங்கள். எந்த வடிவத்தில் எழுதினீர்கள் என்பதையும் தாளின் தலையில் எழுதுங்கள்.

வெள்ளவத்தை_நிலா

மீனின்ட அளவு எப்படிக் கண்ணால சொல்லுறது? தண்ணிக்குள்ள எல்லாம் பெரிசாத் தெரியுதே.

நூல்குண்டு

மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். 15 சென்ரிமீற்றர் கிளிமீன் 20 போல நிற்கும், நீங்களும் எண்ணிவிடுவீர்கள். மீன் தரவு பெருகுவதற்கு இதுதான் முதல் காரணம். பீ.வீ.சீ தகட்டில் 10, 20, 30 சென்ரிமீற்றர் மீன் உருவங்களை வெட்டி, ஒருவர் தண்ணீருக்குள் 3 மீற்றர் தள்ளிப் பிடிக்க, மற்றவர் அளவை எழுதவேணும். 20 தரம் செய்தால் கண் பழகிவிடும். ஆனால் மூன்று மாதம் இறங்காமல் இருந்தால் திரும்பவும் பழுதாகும், சீசன் தொடக்கத்தில் மறுபடியும் செய்யுங்கோ. சிலேட்டின் ஓரத்தில் சென்ரிமீற்றர் கோடு கீறி வைத்திருப்பதும் கைகொடுக்கும்.

புறக்கோட்டைப்_பையன்

சாமான் லிஸ்ட் கேட்டிருந்தீங்க. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க ஒன்றும் இல்லை, முக்கால்வாசி புறக்கோட்டை ஹார்ட்வெயார் கடையிலேயே கிடைக்கும்.

நாடா: ஃபைபர்கிளாஸ், திறந்த சுருள். உருக்கு நாடா ஒரு கிழமையில் துரு. மூடிய சுருளுக்குள் மணல் புகுந்து இலக்கங்களைத் தேய்த்துவிடும். 100 மீற்றர் கிடைக்காவிட்டால் 50 இரண்டு. 0, 20, 25, 45 என்று துண்டு தொடங்கி முடியும் இடத்தில் மின்கம்பிக்குச் சுற்றும் சிவப்பு ரேப்பைச் சுற்றிவிடுங்க, கலங்கல் தண்ணியில் இலக்கம் தேடவேண்டி வராது.

சதுரச் சட்டம் (உள்ளே இருப்பதை எண்ண): அரை அங்குல பீ.வீ.சீ குழாய், 50 சென்ரிமீற்றர் துண்டு நாலு, முழங்கை நாலு. குழாயில் 6 மில்லிமீற்றர் துளை பத்துப் பன்னிரண்டு போடுங்க. துளை இல்லாவிட்டால் உள்ளே காற்று நின்று சட்டம் மேலே ஓடும், அதைப் பிடிக்கவே ஒரு ஆள் வேணும். குறுக்கும் நெடுக்கும் 10 சென்ரிமீற்றருக்கு ஒரு நூல் கட்டினால் 25 சதுரம். எதிர் எதிர் மூலை இரண்டை ஒட்டாமல் விட்டால் கழற்றிப் பையில் போடலாம்.

சிலேட்: வெள்ளைப் பீ.வீ.சீ தகடு, மேலே 400ஆம் நம்பர் உப்புத்தாள் போட்டு உரசினால் பென்சில் பிடிக்கும். கழுவ விம் பவுடரும் தேங்காய்த் தும்பும் போதும். கழுவ முன்னம் இரண்டு போனில் படம் எடுங்க.

பென்சில்: மரப் பென்சில் ஊறிப் பிளக்கும், அமுக்கும் பென்சிலின் ஸ்பிரிங் துருப்பிடிக்கும். முழுக்கக் கிராஃபைற்றால் ஆன குச்சி நல்லது. அது இல்லாவிட்டால் சின்ன மரப் பென்சில் மூன்றைச் சீவி ரப்பர் குழாயில் சொருகிக் கட்டுங்க.

கச்சான்

இனிப் பாதுகாப்பு. எந்தத் திட்டத்திலும் சேர முன்னம் ஒரே கேள்வி கேளுங்கோ: வள்ளத்தில் ஒக்சிஜன் எத்தனை லீற்றர்? ‘இருக்கு’ என்பது பதில் இல்லை. வள்ளத்தில் வைக்கும் சின்ன சிலிண்டர் ஒன்றில் 640 லீற்றர் அளவு இருக்கும். நிமிடத்துக்கு 15 லீற்றர் கொடுத்தால் 42 நிமிடம். 9 கடல்மைல் வெளியே நிற்கிற வள்ளம் 10 நொட்டில் ஓடினால் கரைக்கு 54 நிமிடம். கரை தெரியும்போது சிலிண்டர் காலி. அந்தத் தூரத்துக்கு இரண்டு சிலிண்டர் வேணும். முகமூடி சரியாகப் பொருந்துதா, திறக்கும் சாவி சிலிண்டரோடேயே கட்டியிருக்கா என்பதைப் புறப்பட முன்னமே பாருங்கோ. கரையில் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் வரும். ஆனால் அது வந்து நிற்கவேண்டிய இடத்தை வள்ளம் வெளிக்கிடும்போதே முடிவுசெய்து கரையில் ஒருத்தரிடம் சொல்லி வைக்கவேணும்.

காற்றுக் கணக்கு: 11 லீற்றர் தாங்கி, 200 பார், 50 பார் சேமிப்பு. பாவிக்கக்கூடியது 1,650 லீற்றர். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லீற்றர் இழுக்கும் ஆள் 10 மீற்றரில் 40 இழுப்பார். 41 நிமிடம். வேலை செய்யும்போது மூச்சு கூடும், 30 நிமிடம் என்று வைத்துத் திட்டம் போடுங்கோ. 100 மீற்றரையும் ஒரே டைவில் முடிக்கத் துடிக்கவேண்டாம்.

நாடாவை ஒரே ஆழத்தில் போடச் சொல்வது தரவுக்காக மட்டும் இல்லை. ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போனால் உடம்பில் நைதரசன் குமிழி உண்டாகும் ஆபத்தும் கூடும், காதும் படாதபாடு படும். இரண்டு நாள் தொடர்ந்து இறங்கினால் விமானத்துக்கு 18 மணித்தியாலம் காத்திருக்கவேணும். ஒரே ஒரு டைவ் என்றால் 12. எங்கட ஆட்கள் மறக்கிறது நுவரெலியாவை. ஞாயிறு காலை தெஹிவளையில் சர்வே, பின்னேரம் வான் பிடித்து மலைக்கு. அது 1,868 மீற்றர் உயரம். காரில் போனாலும் உடம்புக்கு அது விமானம்தான். திங்கள் மத்தியானம் வெளிக்கிடுங்கோ.

வெயிலில் வெட்சூட்டோடு நின்று வியர்த்தால் உடம்பில் தண்ணீர் குறையும், அதுவும் ஆபத்தைக் கூட்டும். தேசிக்காய்த் தண்ணியில் உப்புப் போட்டு இரண்டு போத்தல். கோலா வேண்டாம்.

மட்டுநகர்_மீன்

கைவிட்ட வலை அகற்றப் போகலாமா? அதுக்குத்தான் நிறையத் தொண்டர் கேட்கினம்.

நூல்குண்டு

முதல் வருடம் வேண்டாம். சர்வே பழகிய பிறகு பாருங்கோ. தங்கூசி வலை தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது. தாங்கி வால்வில், துடுப்புக் கொக்கியில், கையில் கட்டிய டைவ் கணினியின் வாரில் மாட்டும். வேலையை ஓரத்திலிருந்து தொடங்கவேணும், வலைக்கு மேலே மிதக்கக்கூடாது, நீரோட்டம் உங்களை வலையிலிருந்து தள்ளும் பக்கமாக நிற்கவேணும். வெட்டுவதற்குக் கூரான கத்தி வேண்டாம், முனை மழுங்கிய அம்புலன்ஸ் கத்தரிக்கோல் இரண்டு கொண்டுபோங்கோ, வெவ்வேறு இடத்தில் கட்டி. ஒன்றை இழுக்க முடியாத கை மற்றதை எட்டவேணும்.

முருகை மூடி வளர்ந்துவிட்ட வலையை இழுக்காதீர்கள். சுற்றிவர வெட்டி, ஒட்டியதை அங்கேயே விடுங்கோ. 7 கிலோவுக்கு மேல் இருந்தால் கையால் தூக்கவேண்டாம், தூக்குப்பை வேணும். 1 லீற்றர் காற்று 1 கிலோ தூக்கும். 10 மீற்றரில் விட்ட காற்று மேற்பரப்பில் இரண்டு மடங்கு ஆகும் என்பதை மறந்தவர்களின் பை ரொக்கெட் மாதிரிப் போகும். மேலே போய்க் கவிழ்ந்தால் அதே வேகத்தில் வலை திரும்பித் தலைக்கு மேல் வரும். கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி, அசையத் தொடங்கியதும் நிறுத்தி, பைக்குக் கீழே ஒருவரும் இல்லை என்று பார்த்துவிட்டு விடுங்கோ. வலையை உங்கள் உடம்பிலோ மிதவைச் சட்டையிலோ (பி.சி.டி.) கொளுவவே கூடாது.

காக்கைதீவான்

அனுமதி விடயத்தையும் இங்கே குறிப்பிட்டுவிடலாம். ஹிக்கடுவை, புறாத்தீவு ஆகிய தேசிய பூங்காக்களுக்குள் கணக்கெடுப்பு என்றால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதி அவசியம். பூங்காவுக்கு வெளியேயும் கல் முருகையை உடைப்பதும் எடுத்து வருவதும் சட்டப்படி குற்றம். செத்து உதிர்ந்த துண்டு என்றாலும் பையில் போடவேண்டாம். ஆராய்ச்சிக்காக மாதிரி எடுப்பதாயின், அனுமதிப் பத்திரத்தில் இனமும் எண்ணிக்கையும் எழுதியிருக்கவேண்டும், அதன் பிரதி வள்ளத்தில் இருக்கவேண்டும். தரவு எங்கே போகிறது என்பதையும் கேளுங்கள். மட்டக்குளியிலுள்ள நாரா என்ற அரச நீர்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்கோ, பல்கலைக்கழகம் ஒன்றுக்கோ, ரீஃப் செக் போன்ற திறந்த தரவுத்தளத்துக்கோ போகாத கணக்கெடுப்பு சுற்றுலாதான்.

கெண்டை

காசு கட்டும் திட்டத்துக்கு நான் சொல்வது ஒன்று: போன வருடத்துத் தரவைக் காட்டச் சொல்லுங்க. படம் காட்டினால் வேண்டாம், எண் காட்டினால் யோசிக்கலாம். முருகை நடுகிறோம் என்று முதல் வாக்கியத்திலேயே சொன்னால் நட்டதில் ஒரு வருடத்துக்குப் பிறகு எத்தனை உயிரோடு என்று கேளுங்க. சூட்டில் செத்த முருகைக்குப் பதில் அதே சூட்டில் இன்னொன்றை நட்டு என்ன பயன்.

வெள்ளவத்தை_நிலா

விளங்கினது. சீசன் தொடங்கும்வரை சும்மா இருக்கவும் மனம் இல்லை. இறங்காமல் செய்யக்கூடியது ஏதும்?

தரவுப்பூச்சி

நிறைய. 2021 மே மாதம் தீப்பிடித்து ஜூன் 2ஆம் திகதி மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து ஏறக்குறைய 1,680 தொன் பிளாஸ்டிக் குருணி கடலில் கலந்தது. அதை எண்ணத் தாங்கி தேவையில்லை. அலை ஒதுக்கிய கோட்டில் 50 சென்ரிமீற்றர் சட்டத்தை வைத்து, மேல் 5 சென்ரிமீற்றர் மணலை வாளியில் அள்ளி, கடல்நீர் ஊற்றிக் கிளறுங்கள். பொலித்தீன் குருணி மிதக்கும், அரித்து எண்ணலாம். எரிந்து உருகியது கறுப்பாகக் கல் மாதிரிக் கிடக்கும், அதைத் தனியே எழுதுங்கள். சுத்தம் செய்யும் ஆட்கள் முந்தின நாள் வந்து போனார்களா என்பதையும் குறியுங்கள், இல்லாவிட்டால் எண் குறைந்ததற்குக் கடல்தான் காரணம் என்று நினைத்துவிடுவோம்.

குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் கோரல்வோச் நிற அட்டையையும் இப்பவே பழகலாம். ஒவ்வொரு முருகையிலும் ஆக வெளிறிய இடம் ஒன்று, ஆகக் கருமையான இடம் ஒன்று, அட்டையில் பொருந்தும் எழுத்தும் எண்ணும். ஒரு தளத்தில் குறைந்தது 20 முருகை. கிளை முருகையின் நுனியைப் பார்க்காதீர்கள், வளரும் நுனி இயல்பாகவே வெள்ளை. ஆழத்தில் சிவப்பு மங்கிவிடும், வெள்ளை ரோச்சை அட்டைக்கும் முருகைக்கும் சேர்த்து அடிக்கவேண்டும். வெள்ளையாகத் தெரிகிற முருகையாகத் தேடித் தேடிப் பிடிப்பதுதான் வழக்கமான தவறு. 5 துடுப்பு அடித்து நில்லுங்கள், கிட்ட எது இருக்கிறதோ அதை எடுங்கள்.

வெள்ளவத்தை_நிலா

சுவிமிங் பூலில அந்த 40 எண்ணும் பரீட்சைய இந்தக் கிழமையே செய்து பார்க்கப் போறன். அண்ணா, பூலில நன்னீர், ஈயம் அதே அளவா?

நூல்குண்டு

குறையுங்கோ. கடல்நீர் நன்னீரைவிட 2.5 வீதம் அடர்த்தி கூட. சாமானோடு சேர்த்து 80 கிலோ ஆளுக்கு 2 கிலோ வித்தியாசம். கடலுக்கு 6 கிலோ போட்டால் பூலுக்கு 4. திரும்பக் கடலுக்கு வரும்போது மறக்காமல் கூட்டுங்கோ. வெட்சூட் இல்லாமல் பூலில் இறங்கினால் அந்தக் கணக்கே வேறு. அதைத் தனியே பார்க்கவேணும்.